சுவரைக் கட்டவிடாத மருந்து

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவன். பாடம் நடத்தாத நேரத்தில் ஆய்வகத்தில் இருப்பேன். சீழ், சிறுநீர், சளி, ரத்தம் என்று வார்டுகளிலிருந்து வரும் மாதிரிகளில் வளரும் கிருமியைக் கண்டுபிடித்து, ‘இந்த மருந்து கேட்கும், இந்த மருந்து கேட்காது’ என்று எழுதி அனுப்புவது எங்கள் வேலை. அந்தத் தாளில் ‘கேட்காது’ என்கிற பக்கம் நீண்டுகொண்டே வருகிறது. அது ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெனிசிலின் பாக்டீரியாவின் சுவரை இடித்துத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெனிசிலின் எதையும் இடிப்பதில்லை. கட்டவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மருந்து வேலை செய்யும் விதமும் புரியும், கிருமி தப்பிக்கும் விதமும் புரியும், மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்வது ஏன் என்பதும் புரியும்.

பாக்டீரியாவுக்கு எதற்குச் சுவர்? அதன் செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் புரதங்களும் அடர்த்தியாக நிறைந்திருக்கின்றன. வெளியே இருப்பது அதைவிட நீர்த்த திரவம். ஆகவே தண்ணீர் ஓயாமல் உள்ளே நுழையப் பார்க்கும். சில பாக்டீரியாக்களுக்குள் இதனால் ஏறும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 20 மடங்கு வரை போகும். செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வால் இதைத் தாங்க முடியாது. டயரை மாட்டாமல் சைக்கிள் டியூபுக்கு மட்டும் காற்றடித்துக்கொண்டே போனால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும். சவ்வு டியூப் என்றால், அதற்கு வெளியே இருக்கும் செல் சுவர்தான் டயர்.

இந்தச் சுவருக்குப் பெயர் பெப்டிடோகிளைக்கான். இரண்டு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறிக் கோத்த நீண்ட இழைகள். ஒவ்வொரு இழையிலிருந்தும் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட குட்டைச் சங்கிலிகள் தொங்கும். அடுத்தடுத்த இழைகளின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தால்தான் அது வலையாகி அழுத்தத்தைத் தாங்கும். சங்கிலியின் கடைசி இரண்டு இடங்களில் இருப்பது டி-அலனின். அமினோ அமிலங்களுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி என்ற இரு வடிவங்கள் உண்டு. நம் உடம்பு புரதம் செய்வதெல்லாம் எல் வடிவத்தில். பாக்டீரியா தன் சுவருக்கு டி வடிவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நமக்கு அந்தச் சுவரும் இல்லை, அதைக் கட்டும் நொதிகளும் இல்லை. அதனால்தான், ஒவ்வாமை உள்ளவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், கிருமியைக் கொல்லும் பெனிசிலின் நம்மை ஒன்றும் செய்வதில்லை. மருந்துக்கு இதைவிட நல்ல இலக்கு கிடைப்பது அரிது.

சுவரைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். நேரடியாக முடியாது; அதன் தடிப்பை மட்டும் நிறத்தை வைத்துச் சொல்லலாம். 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சொல்லிக்கொடுத்த வழியைத்தான் இன்றைக்கும் தினமும் காலையில் செய்கிறோம். கண்ணாடிச் சில்லில் சீழைத் தடவிக் காயவைத்து, தீயில் லேசாகக் காட்டி, ஊதாச் சாயம் ஊற்றுவோம். அதன்மேல் அயோடின். பிறகு ஆல்கஹால் விட்டுக் கழுவி, கடைசியாகச் சிவப்புச் சாயம். தடித்த சுவருள்ள கிருமி ஊதாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது கிராம் பாசிட்டிவ். சுவர் மெல்லியதாக இருந்தால் ஆல்கஹாலில் ஊதா போய்விடும், சிவப்பு ஏறும். அது கிராம் நெகட்டிவ். இந்த இரண்டாவது வகைக்குச் சுவர் மெல்லியதுதான். ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. பின்னால் வரப்போகும் தொல்லைகளில் அந்த வெளிச்சவ்வுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1922-இல், அதே ஃபிளெமிங் இன்னொரு பொருளைப் பற்றி எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. மூக்குச்சளியிலும் கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக்கருவிலும் இருக்கும் லைசோசைம் என்ற நொதி அது. பாக்டீரியா சுவரின் சர்க்கரை இழைகளை வெட்டிப்போடுவதுதான் அதன் தொழில். ஏற்கெனவே கட்டிய சுவரை இடிக்கிற பொருளையும், சுவரைக் கட்டவிடாத பொருளையும் ஒரே மனிதர்தான் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே இடத்தைத் தாக்குகின்றன என்பது அன்றைக்கு அவருக்கே தெரிய வழியில்லை.

பெனிசிலின் என்னதான் செய்கிறது? நான் சொன்ன சங்கிலிகளைப் பிணைப்பதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. அது வேலை செய்யும் இடம் சவ்வுக்கு வெளியே. செல்லின் உள்ளே கிடைக்கும் ஆற்றல் அங்கே கிடைக்காது. அதனால் அது ஒரு தந்திரம் செய்கிறது. சங்கிலி முனையில் இருக்கும் இரண்டு டி-அலனின்களில் கடைசியை வெட்டிவிட்டு, அந்த வெட்டில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே மிச்சத்தைப் பக்கத்துச் சங்கிலியோடு பிணைத்துவிடும். பெனிசிலினின் நடுவில் நான்கு அணுக்கள் கொண்ட வளையம் ஒன்று இருக்கிறது. பீட்டா-லாக்டம் வளையம் என்று பெயர். 1945-இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு இதை உறுதிசெய்தார். பெனிசிலினின் வடிவம் இரண்டு டி-அலனின்கள் சேர்ந்திருக்கும் வடிவத்தை ஒத்திருக்கிறது என்று 1965-இல் டிப்பரும் ஸ்ட்ராமிங்கரும் சொன்னார்கள். நொதி ஏமாந்துபோய் அந்த வளையத்தை வெட்டுகிறது. வெட்டியதும் வளையம் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்த நொதி எதையும் பிணைக்காது.

வளரும் பாக்டீரியா புது இழையைச் சேர்க்க இடம் வேண்டி பழைய சுவரை அங்கங்கே தானே வெட்டிவிட்டுக்கொண்டிருக்கும். மருந்து வந்த பிறகும் அந்த வெட்டு நிற்பதில்லை. பிணைப்பு மட்டும் நின்றுவிடுகிறது. இழைகளைச் செய்வதும் செய்ததைத் தானே வெட்டிப்போடுவதுமாகச் செல் தன் சரக்கை வீணடிக்கிறது என்பதை 2014-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் காட்டினார்கள். ஆக, மருந்து கட்டுவதை நிறுத்துகிறது. கிருமி தன்னைத்தானே உடைத்துக்கொள்கிறது. வளராமல் சும்மா கிடக்கிற பாக்டீரியாவைப் பெனிசிலின் கொல்லாமல் விடுவதற்கும் இதுவே காரணம். வேலை நடந்தால்தானே வேலையை நிறுத்த முடியும்?

கட்டவிடாத மருந்து என்றால், கட்டுகிற நேரமெல்லாம் அது அங்கே இருந்தாக வேண்டும். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது இதற்குச் சாட்சி. ஹோவர்டு ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் பாடுபட்டுப் பிரித்தெடுத்த கொஞ்சம் பெனிசிலினை, முகமெல்லாம் சீழ் பிடித்து ஒரு கண்ணையும் இழந்திருந்த போலீஸ்காரர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடத் தொடங்கினார். ஆனால் சிறுநீரகம் பெனிசிலினை வந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடும். அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தை மீட்டெடுத்துத் திரும்பச் செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. கிருமி மறுபடி தலைதூக்கியது. மார்ச்சில் அவர் இறந்துபோனார்.

இன்று நாம் சாப்பிடும் அமாக்ஸிசிலினும் அப்படித்தான். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. காலை மாத்திரையை மறந்துவிட்டு மதியம் இரண்டாகப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவை இரட்டித்தால் மருந்து கூடுதலாக நிற்கப்போவது ஒரு மணி நேரம்தான். விட்டுப்போன எட்டு மணி நேரத்தை அது ஈடுகட்டாது.

சுவர் வேலையை நிறுத்த வேறு வழிகளும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் போர்னியோ தீவிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிவைத்த மண்ணில், எலி லில்லி நிறுவனத்தார் ஒரு நுண்ணுயிரியைக் கண்டார்கள். அது தந்த மருந்து வான்கோமைசின். 1958-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது நொதியைத் தொடுவதில்லை. சங்கிலி முனையில் இருக்கும் இரண்டு டி-அலனின்களையே போய்ப் பற்றிக்கொள்கிறது. நொதி நல்ல நிலையில் இருந்தும் பிணைக்க வேண்டிய சரக்கு அதன் கைக்குக் கிடைப்பதில்லை.

சரி, கிருமி எப்படித் தப்பிக்கிறது? நான்கு வழிகளைச் சொல்லலாம்.

முதல் வழி, மருந்தையே உடைப்பது. பெனிசிலினின் வளையத்தை வெட்டிவிட்டு, ஒட்டிக்கொள்ளாமல் கழன்றுகொள்ளும் நொதிகள் இருக்கின்றன. பீட்டா-லாக்டமேஸ்கள் என்று பெயர். ஈ.கோலை பாக்டீரியாவில் இப்படி ஒன்றைக் கண்டதாக ஆபிரகாமும் செயினும் 1940 டிசம்பரில் எழுதினார்கள். ஆண்டைக் கவனியுங்கள். அந்தப் போலீஸ்காரருக்கு மருந்து ஏறுவதற்கு முன்பே அதை முறிக்கும் நொதி பதிவாகிவிட்டது.

இரண்டாவது வழி, நொதியை மாற்றிக்கொள்வது. பீட்டா-லாக்டமேஸுக்கு மசியாத மெத்திசிலின் பிரிட்டனில் வந்தது 1960 வாக்கில். 1961-லேயே அதற்குக் கேட்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் அங்கே பதிவாயிற்று. எம்ஆர்எஸ்ஏ என்று நீங்கள் கேள்விப்படும் கிருமி அதுதான். அது மருந்தை உடைக்கவில்லை. மெக்-ஏ என்ற மரபணுவால் பிணைக்கும் நொதியின் இன்னொரு வடிவத்தைச் செய்துகொண்டது. அந்த நொதி எளிதில் மருந்திடம் ஏமாறுவதில்லை.

மூன்றாவது வழி, சரக்கையே மாற்றுவது. எனக்குப் பாடம் நடத்தவே மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வான்கோமைசினுக்குக் கேட்காத என்டெரோகாக்கஸ் கிருமி 1988-இல் பிரான்சிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பதிவானது. அதனிடம் இருப்பது ஒரு மரபணுத் தொகுப்பு. மருந்து வந்திருக்கிறது என்று ஒரு புரதம் உணர்கிறது. இன்னொன்று மற்ற மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. மூன்றாவது, டி-லாக்டேட் என்ற பொருளைச் செய்கிறது. நான்காவது, கடைசி டி-அலனினுக்குப் பதிலாக அந்த லாக்டேட்டைச் சேர்க்கிறது. ஐந்தாவதின் வேலைதான் வேடிக்கை: பழைய முறையில் செய்த டி-அலனின் ஜோடி எங்கேயாவது மிச்சமிருந்தால் தேடிப்பிடித்து வெட்டிவிடுகிறது. லாக்டேட் வந்துவிட்டால் மருந்துக்கும் சங்கிலிக்கும் இடையே ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு குறையும். பற்றும் வலிமை ஏறக்குறைய 1,000 மடங்கு விழுந்துவிடும். மருந்து இல்லாதபோது இந்த ஏற்பாடு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

நான்காவது, கதவை அடைப்பது. கிராம் நெகட்டிவ் கிருமிகளின் வெளிச்சவ்வில் சின்னத் துளைகள் உண்டு. மருந்து அவற்றின் வழியாகத்தான் நுழைய வேண்டும். துளைகளைக் குறைத்துக்கொள்கிற கிருமிகள் இருக்கின்றன. நுழைந்த மருந்தைத் திரும்ப வெளியே தள்ளும் புரதங்களை வைத்திருப்பவையும் இருக்கின்றன. கூடவே பீட்டா-லாக்டமேஸும் இருந்துவிட்டால், கொஞ்சமாக நுழையும் மருந்தை உடைப்பது அதற்குச் சிரமமே இல்லை.

இத்தனை சாமர்த்தியத்தையும் கிருமி எப்போது கற்றது? நம் மருந்தைப் பார்த்துக் கற்றிருந்தால் எண்பது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். ஐந்து மரபணுக்கள் அவ்வளவு கச்சிதமாக அமைய அது போதாது. கனடாவின் யூக்கான் பகுதியில் சுமார் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில், பீட்டா-லாக்டம் மருந்துகளையும் வான்கோமைசினையும் முறியடிக்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2022-இல் இன்னொன்று. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பெனிசிலினைச் சுரக்கிறது. அதே தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸில் மெத்திசிலினுக்கு அடங்காத ஒரு வகை, மருத்துவர் யாரும் ஆன்டிபயாட்டிக் எழுதித்தராத பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது.

இன்று நான் சொல்ல வந்த கருத்து இதுதான். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை மண்ணிலும் பூஞ்சையிலும் இருந்து நாம் இரவல் வாங்கியவை. பூஞ்சையும் பாக்டீரியாவும் தங்களுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடத்திவரும் சண்டையின் நடுவிலிருந்து ஓர் ஆயுதத்தை மட்டும் எடுத்துவந்தோம். அதற்கான கேடயமும் அங்கேயே இருந்தது. எதிர்ப்பு மரபணு தோன்றுவதைத் தடுப்பது நம் கையில் இல்லை. அது எங்கோ ஒரு மூலையில் அபூர்வமாகக் கிடக்குமா, ஊரெல்லாம் பரவுமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. ஐரோப்பாவில் கோழிக்கும் பன்றிக்கும் சதை போட வேண்டும் என்று வான்கோமைசினின் உறவான அவோபார்சினைத் தீவனத்தில் கலந்தார்கள். கால்நடைகளின் குடலில் எதிர்ப்புள்ள என்டெரோகாக்கஸ் பெருகியது. 1995-இல் டென்மார்க்கும் 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதைத் தடை செய்தன.

பரவுவதற்குப் பாக்டீரியா குட்டி போட்டுப் பெருகவேண்டிய அவசியம்கூட இல்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் மரபணுவை ஏற்றிப் பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கே கொடுத்துவிடும். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கார்பபெனம் என்ற மருந்து வகையைப் பெரிய தொற்றுகளுக்காகக் கையிருப்பாக வைத்திருந்தோம். அதையும் உடைக்கும் என்டிஎம்-1 என்ற நொதி, இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் கிடைத்தது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை, சென்னையில் சேகரித்த கிருமிகளில் மட்டும் 44-இல் அந்த மரபணு இருந்ததைச் சொன்னது. என்டிஎம் என்ற பெயரில் ‘நியூ டெல்லி’ இருப்பதைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. பெயரைப் பற்றிய கோபத்தில் பாதியைச் சாக்கடைமேல் காட்டியிருக்கலாம். ஏனென்றால் மறு ஆண்டே டெல்லியில் தேங்கிய நீரிலும், எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும் அந்த மரபணு கிடைத்தது.

நல்ல செய்தியும் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றன. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத முக்கிய மருந்துகளுக்கு ‘ஹெச்1’ என்ற பட்டியல் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. யாருக்கு, எந்த மருத்துவர் எழுதி, எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இன்னொன்று, சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம். பீட்டா-லாக்டமேஸைக் கட்டிப்போட்டு, கூடவே கொடுக்கும் செஃபெபைம் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் காப்பாற்றும் மருந்து இது. சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆனால் என்டிஎம்-ஐ இது தடுக்காது. என்டிஎம் துத்தநாக அயனியை வைத்து வெட்டுகிற வேறு ஜாதி நொதி.

2019-இல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தார்கள் என்று லான்செட்டில் 2022-இல் வந்த கணக்கு சொல்கிறது. அவ்வளவு பெரிய எண்ணிக்கைக்கு முன் நாம் என்ன செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஜலதோஷத்துக்கும் பெரும்பாலான தொண்டைவலிக்கும் காரணம் வைரஸ். வைரஸுக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரைக் கட்டவிடாமல் பெனிசிலின் எப்படித் தடுக்கும்? அந்த மாத்திரை வைரஸை விட்டுவிட்டு, உங்கள் குடலில் பேசாமல் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் அடங்குபவற்றைக் கொன்று அடங்காதவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். எதிர்ப்பு பெருகுவதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, நோய்க்கிருமியில் அல்ல.

‘கோர்ஸை முடிக்க வேண்டுமா’ என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். காசநோயில் முடித்தே ஆக வேண்டும். அந்தக் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வளராமல் பதுங்கியும் இருக்கும். மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது அதனால்தான். ஆனால் சாதாரண நிமோனியா, சிறுநீர்ப்பாதைத் தொற்று போன்ற பலவற்றில் முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளும் குடலில் அந்த வடிகட்டல் தொடரும். எத்தனை நாள் என்பதை உங்களைப் பார்த்த மருத்துவர் தீர்மானிக்கட்டும். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம், மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம். மாத்திரை அட்டையின் பின்னால் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து.

அடுத்த முறை காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ‘இது பாக்டீரியாத் தொற்றுதானா டாக்டர்? மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டுமா? எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?’ நல்ல மருத்துவர் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். ‘ஆன்டிபயாட்டிக் வேண்டாம், இரண்டு நாள் பார்க்கலாம்’ என்று அவர் சொன்னால், மருந்தே எழுதவில்லையே என்று அடுத்த கிளினிக்குக்குப் போகாதீர்கள். அவர் அன்றைக்குச் சரியான சிகிச்சை கொடுத்திருக்கிறார்.